சாங்கிச் சிறைச்சுவரில் தீட்டிய நம்பிக்கை

சாங்கி என்றவுடன் இன்றைய இளைஞர்க்கு நினைவுக்கு வருவது விமான நிலையம். தொண்ணூறு வயதைக் கடந்த மூத்தோர்க்கோ அப்பெயர் வேறொன்றை நினைவூட்டும். 1942 முதல் 1945 வரை மூன்றரை ஆண்டுக்காலம் பல்லாயிரம் மக்களின் மூச்சை அடக்கி வைத்திருந்த இடம் அது. அங்கே பசி இருந்தது, நோய் இருந்தது, அடியும் உதையும் இருந்தன. அவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவாகும். அவற்றினிடையே சில சுவர்களில் வண்ணம் ஏறிய கதையும், ஓர் இருட்டறையில் ஒரு பேராயர் தம்மை அடித்தவர்களைப் பற்றி எண்ணிய எண்ணமும் நம்மவரிடையே அவ்வளவாகப் பரவவில்லை. அவ்விரண்டையுமே இக்கட்டுரையில் காண விழைகின்றோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வது நன்று. நாம் பொதுவாக 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லைக் கொண்டு இரண்டு பொருள்களைக் குறிக்கின்றோம். தமிழ்க் கிறிஸ்தவர்களோ நெடுங்காலமாக அவற்றைப் பிரித்தே ஆண்டு வருகின்றனர். இறைவனைப் பற்றி நிற்பது விசுவாசம். இனி வரப்போகும் நன்மையை எதிர்நோக்கி நிற்பது நம்பிக்கை. சாங்கியில் இருந்தவர்களுக்கு எந்த நன்மையை எதிர்நோக்க முடிந்தது? விடுதலையையா? அது எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாத நாள்கள் அவை. 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆசியாவில் ஜப்பானியரின் கை ஓங்கியே இருந்தது. ஆகவே 'நாளைக்கு வெளியே போவோம்' என்ற எதிர்பார்ப்பு மட்டுமே அவர்களைத் தாங்கி நிறுத்தியது என்று கொள்வதற்கில்லை. வேறொன்று தேவைப்பட்டது. அது யாது என்பதே வினா.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஒரு சில நாள்களுக்குள் ஏறத்தாழ 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்கள் நகரத்திலிருந்து சாங்கி வரை நடத்திச் செல்லப்பட்டு, அங்கிருந்த படைவீடுகளில் அடைக்கப்பட்டனர். இந்திய வீரர்கள் ஃபாரர் பார்க் திடலில் தனியே பிரிக்கப்பட்டனர். அவர்களுடைய கதை வேறு திசையில் சென்றது. ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைச்சாலைக்குள் அடைக்கப்பட்டனர். 600 கைதிகளுக்கென 1936இல் கட்டி முடிக்கப்பட்ட அச்சிறையில் 3,000 பேர் அளவுக்கு நெருக்கித் தள்ளப்பட்டனர். ஆகவே 'சாங்கி' என்று நாம் ஒரே பெயரால் சொல்வது உண்மையில் பல முகாம்கள் சேர்ந்த ஒரு பரப்பாகும்.

இம்முகாம்களில் கைதிகள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, வழிபாட்டுக்கு இடம் தேடியதுதான். ஆலயம் கட்டக் கல்லும் மரமும் எங்கே கிடைக்கும்? கிடைத்த கூரையின் கீழே ஆலயத்தை அமைத்துக் கொண்டனர். எரிக் கார்டிங்லி என்ற படைக்குரு, முன்னர் இந்திய வீரர்களின் தொழுகைக்கென்று அமைந்திருந்த சிறிய பள்ளிவாசல் ஒன்றைப் புனித ஜார்ஜ் ஆலயமாக்கினார். அதன் பீடத்தில் வைப்பதற்குச் சிலுவை வேண்டும் என்றபோது, ஹாரி ஸ்டாக்டன் என்ற கைதி பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டை வெட்டி ஒரு சிலுவை செய்து கொடுத்தார். உயிரைக் குடிக்கச் செய்யப்பட்ட உலோகம் வழிபாட்டுக்கு வந்தது! பின்னர் அக்குரு சயாமுக்கு அனுப்பப்பட்டபோது சிலுவையும் உடன் சென்றது. இன்றும் அது இருக்கிறது.

இனி ஓவியருக்கு வருவோம். ஸ்டான்லி வாரன் என்பவர் 1917இல் இங்கிலாந்தில் பிறந்தவர். போருக்கு முன் சினிமாப் படங்களுக்கு விளம்பர ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். பீரங்கிப் படையில் சேர்ந்தபோதும் அவருக்கு வாய்த்தது வரையும் வேலைதான். எதிரே தெரியும் நிலப்பரப்பைப் பார்த்துக் குண்டு வீசுவோர்க்கு உதவும் வகையில் படமாக வரைந்து தருவார். கைதியானபின் அவரைப் புக்கிட் பாத்தோக்கிற்கு அனுப்பினர். அங்கே குன்றின் உச்சியில் ஜப்பானியர் தம் போர்வீரர்க்கு எழுப்பிய நினைவிடத்திற்குச் சாலையும் படியும் அமைப்பது கைதிகளின் வேலை. அம்முகாமில் சுவரில்லாத ஓர் எளிய ஆலயம் இருந்தது. அதற்குப் படம் வரைந்து தருமாறு அங்கிருந்த குரு கேட்டார். வாரன் கரித்துண்டால் இரண்டு ஓவியங்கள் வரைந்தார். ஒன்றில் குழந்தை இயேசுவை ஏந்தி நின்ற அன்னை மரியாளை ஒரு மலாய்ப் பெண்ணின் சாயலில் வரைந்தார். மற்றொன்றில் இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்குவோர் படையுடை உடுத்த வீரர்களாக இருந்தனர். பாலஸ்தீனத்தில் நடந்த கதையை அவர் புக்கிட் பாத்தோக்கிலேயே நடப்பதாகக் கண்டார். நம் சிற்பிகள் கண்ணனைத் தம் ஊர்ச் சிறுவனாகச் செதுக்கியது போன்றதுதான் இது.

அவ்வாண்டு மே மாதம் அவர் கடுமையாக நோயுற்றார். சிறுநீரகக் கோளாறும் வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து அவரைச் சாவின் வாயில் வரை கொண்டு சென்றன. சாங்கியில் ராபர்ட்ஸ் படைவீட்டில் அமைந்திருந்த மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு வந்தனர். வயிற்றுக்கடுப்பு நோயாளிகள் இருந்த 151ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சிற்றாலயம் இருந்தது. மருத்துவராக வாழ்ந்தவர் என்று கருதப்படும் சுவிசேஷகர் லூக்காவின் பெயரை அதற்கு இட்டிருந்தனர். அவ்வாலயத்தின் குருமார் இருவர் வாரனின் திறமையைக் கேள்வியுற்று, சுவர்களில் வேதாகமக் காட்சிகளைத் தீட்டுமாறு வேண்டினர்.

எழுந்து நிற்கவும் வலுவற்ற நோயாளியிடம் கேட்ட வேண்டுகோள் இது. அவர் ஒப்புக்கொண்டார். ஒரு நாளில் சிறிது நேரமே அவரால் வேலை செய்ய முடிந்தது. பிறகு ஓய்ந்துவிட வேண்டியதுதான். வண்ணத்திற்கு எங்கே போவது? தோழர்கள் அகப்பட்டதையெல்லாம் திரட்டினர். அகப்பட்டுக்கொண்டால் தண்டனை உண்டு என்பதை அறிந்தே திரட்டினர். படை வண்டிகளின் மீது பூசும் பழுப்புச் சாயம், சிறிது வெள்ளை, சிறிது சிவப்பு, இவையே கிடைத்தன. நீலத்திற்கு வழியில்லை. அப்போது யாரோ ஒருவர் பில்லியர்டு ஆட்டக்கோலின் நுனியில் தேய்க்கும் நீலச் சுண்ணக்கட்டிகளைக் கொண்டு வந்து கொடுத்தார். அவற்றைப் பொடித்து நீலம் உண்டாக்கினார் ஓவியர். ஆளுயரத்தினும் பெரிய ஐந்து ஓவியங்கள் அச்சுவர்களில் எழுந்தன. கிறிஸ்துவின் பிறப்பைக் காட்டும் ஓவியம் 1942ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் வழிபாட்டிற்குள் முடிந்துவிட்டது.

பிறப்பு, கடைசி இராவுணவு, சிலுவை, விண்ணேற்றம், சிறையில் லூக்கா. இவை ஐந்தும் கிறிஸ்தவ ஓவிய மரபில் புதியவை அல்ல. ஆயினும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறப்பு ஓவியத்தோடு அவர் எழுதி வைத்த வாசகம் நல்லெண்ணம் கொண்ட மாந்தர்க்குப் பூமியில் சமாதானம் உண்டாகுக என்பதைப் பற்றியது. சிலுவை ஓவியத்திற்கு அவர் தேர்ந்தெடுத்ததோ, தம்மைக் கொல்வோரை மன்னிக்குமாறு இயேசு தம் தந்தையிடம் வேண்டிய மன்றாட்டு. அந்தச் சிலுவையைத் தூக்கி நிறுத்தும் ஆள்களுக்கு ரோமப் போர்வீரரின் கவசத்தை அவர் அணிவிக்கவில்லை. இடையில் ஒரு துண்டு மட்டும் கட்டிய அடிமை வேலையாட்களாக அவர்களை வரைந்தார். அன்றைய சாங்கியில் கைதிகள் உடுத்திருந்ததும் அதுதான். கொல்வோரின் இடத்தில் தம் தோழர்களின் உருவத்தையே நிறுத்திப் பார்க்கும் துணிவு எளிதில் வருவதன்று. பசித்துக் கிடக்கும் கைதி, பகைவனைச் சாடி நான்கு படங்கள் வரைந்திருந்தால் யார் குறை சொல்வார்? தம் ஓவியங்கள் ஜப்பானியரையும் உள்ளிட்ட மனித குலம் முழுவதற்கும் உரியனவாக இருக்க வேண்டும் என்று கருதியே அக்காட்சிகளைத் தேர்ந்ததாக வாரன் பிற்காலத்தில் விளக்கினார்.

நாம் மேலே கேட்ட வினாவிற்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் எதிர்நோக்கியது வெளியே போகும் நாளை மட்டுமன்று. வெளியே போகும்போது தாம் எத்தகைய மனிதராக இருப்போம் என்பதையும் அவர்கள் எண்ணினார்கள்.

இதே எண்ணத்தை இதனினும் கொடிய சூழலில் மற்றொருவரிடம் காண்கிறோம். அவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லெனார்டு வில்சன். 1897இல் பிறந்த அவர், 1941இல்தான் இப்பதவிக்கு வந்தார். அவருடைய தலைமைக் கோயில் புனித அந்திரேயா பேராலயம். தமிழ் வாசகர்கள் அவ்வாலயத்தைப் பற்றி ஒரு செய்தியை மறத்தலாகாது. 1856 முதல் 1861 வரை அதைக் கட்டியெழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்ட கைதிகள். அதன் உட்சுவர்களில் பளபளக்கும் பூச்சு, முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்த சென்னைச் சுண்ணாம்புக் காரை. கைதிகள் கட்டிய கோயிலின் பேராயர் எண்பது ஆண்டுகளுக்குப் பின் தாமே கைதியானார்.

உடனே ஆகவில்லை. ஓகாவா என்ற ஜப்பானிய இளம் அதிகாரி கல்வி, சமயத் துறைக்குப் பொறுப்பாக வந்தார். அவரும் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். அவர் துணையால் பேராயரும் வேறு இரு குருமாரும் ஓராண்டுக்கு மேல் முகாமுக்கு வெளியே இருந்து மக்களைக் கவனிக்க முடிந்தது. இச்சலுகை நீடிக்காது என்பதை அறிந்த வில்சன் ஓர் அரிய காரியம் செய்தார். ஐரோப்பியக் குருமார் எவரும் இல்லாத நாள் வரும் என்று கண்டு, ஆசியர்களிடம் திருச்சபையை ஒப்படைக்க ஏற்பாடு செய்தார். அவ்வாறு பொறுப்பேற்றவருள் முதன்மையானவர் டாக்டர் டி. டி. செல்லையா. புனித அந்திரேயா பள்ளியில் ஆசிரியராக விளங்கியவர். நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை ஆராய்ந்து எழுதிய அறிஞர். போர்க்காலத்தில் குருப்பட்டம் பெற்ற அவரும், ஜான் லீ என்ற சீனக் குருவும் ஆக்கிரமிப்பின் எஞ்சிய காலம் முழுவதும் சபையை நடத்தினர். அதற்குமுன் வெள்ளையர் இன்றித் திருச்சபை நடவாது என்று எண்ணியோர் உண்டு. அவ்வெண்ணம் அன்று பொய்த்தது. கடினமான காலம் கற்பித்த பாடங்களுள் இதனைச் சிறியதென்று கொள்ள இயலாது.

1943 மார்ச்சில் வில்சன் சாங்கிச் சிறைக்குள் வைக்கப்பட்டார். செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவிலிருந்து சிறு படகில் வந்த நேச நாட்டுக் குழு ஒன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டு மறைந்தது. சிறையில் இருந்தவர்களே இதற்கு உளவு சொல்லியிருக்க வேண்டும் என்று கெம்பித்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காவல்படை முடிவு கட்டியது. உண்மையில் சிறையில் இருந்தவர்க்கு அதில் எத்தொடர்பும் இல்லை. அக்டோபர் 10ஆம் நாள் தேடுதலும் கைதும் தொடங்கின. பத்தாம் மாதம் பத்தாம் நாள் ஆகையால் 'இரட்டைப் பத்து' என்று வரலாற்றில் அதனை வழங்குவர். 57 பேர் பிடிபட்டனர். அவர்களுள் 15 பேர் உயிர் துறந்தனர்.

பேராயரைப் பிடித்தது அக்டோபர் 17ஆம் நாள். ஸ்டாம்ஃபோர்டு சாலை அருகே இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடந்தான் அப்போது கெம்பித்தாயின் வதைக்கூடம். கிறிஸ்தவ இளைஞர் சங்கம் தங்கும் விடுதியாக நடத்திய வீடு அது! அங்கே முடிச்சிட்ட கயிறுகளால் பல நாள் தொடர்ந்து அவரை அடித்தனர். 1946இல் பி.பி.சி. வானொலியில் ஆற்றிய பேருரை ஒன்றில் அந்நாள்களைப் பற்றி அவரே கூறியுள்ளார். அதனை வீரப்பேச்சு என்று சொல்வதற்கில்லை. தம் அச்சத்தையும் தளர்ச்சியையும் மறைக்காமல் பேசியிருக்கிறார். அடித்தவருள் ஒருவர், இன்னும் உன் கடவுளை நம்புகிறாயா என்று கேட்டாராம். நம்புகிறேன் என்றார். அப்படியானால் அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்பது அடுத்த கேள்வி. வலியிலிருந்து விடுவிப்பதால் அன்று, வலியைத் தாங்கும் வலிமை தருவதால் அவர் என்னைக் காக்கிறார் என்பது பேராயரின் மறுமொழி.

என் நெஞ்சைத் தொட்டது இதற்கடுத்துச் சொன்னது. அடித்தவர்களின் முகங்கள் கொடுமையால் இறுகியிருந்தன. சிலர் அதில் இன்பமும் கண்டனர். அவர்களை எவ்வாறு நேசிப்பது? தம்மால் இயலவில்லை என்பதை அவர் உணர்ந்தார். பிறகு, இவர்கள் முன்பு சிறு குழந்தைகளாக இருந்தபோது எப்படி இருந்திருப்பார்கள், பெற்றோரும் உடன்பிறந்தாரும் இவர்களைச் சூழ்ந்து நின்ற காட்சி எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தாராம். குழந்தைகளை வெறுப்பது கடினம் என்கிறார். அதுவும் போதவில்லை. இனி இவர்கள் திருந்தினால் எவ்வாறு ஆவார்கள் என்றும் எண்ணினார். இறந்த காலத்தையும் எதிர்காலத்தையும் இரு புறமும் நிறுத்தி, நிகழ்காலத்தின் கொடுமையைத் தாண்டி மனிதனைப் பார்க்கும் முயற்சி இது. இதை வெறும் சமயச் சொற்பொழிவு என்று தள்ளிவிடலாம். ஆனால், போருக்குப் பின் அவரை வதைத்தவருள் ஒருவர் கிறிஸ்தவராகி, அவர் கையாலேயே திடப்படுத்தல் என்னும் சடங்கைப் பெற்றார். பேராயர் சொன்ன 'எதிர்காலம்' ஒருவரிடத்திலாவது வந்து சேர்ந்தது.

அதே கட்டடத்தில் ஏறத்தாழ 200 நாள் கிடந்தவர் எலிசபெத் சோய் என்ற ஆசிரியை. 1910இல் வடபோர்னியோவில் பிறந்தவர்; ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். மருத்துவமனையில் சிற்றுண்டிச்சாலை நடத்தி, முகாமில் இருந்தோர்க்குப் பணமும் மருந்தும் செய்தியும் கடத்தினார் என்று அவரைப் பிடித்து, மின்சாரம் பாய்ச்சி வதைத்தனர். அவர் கணவரும் தப்பவில்லை. விடுதலைக்குப்பின் தம்மை வதைத்தோர்க்குத் தூக்குத்தண்டனை கேட்க அவர் மறுத்துவிட்டார். போரே மனிதரை அவ்வாறு ஆக்கியது என்பது அவர் கருத்து. 1951இல் அவர் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 2006இல் மறைந்தார்.

மன்னிப்பு வேறு, நீதி வேறு என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். இரட்டைப் பத்து வழக்கு 1946 மார்ச்சு 18ஆம் நாள் சிங்கப்பூரில் விசாரணைக்கு வந்தது. 21 பேர் குற்றஞ்சாட்டப்பட்டு, 8 பேர் மரண தண்டனை பெற்றனர். 7 பேர் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. பேராயரும் ஆசிரியையும் தம் நெஞ்சுக்குள் செய்தது வேறொரு காரியம்.

கிறிஸ்தவ நம்பிக்கை சாவைத் தடுத்தது என்று யாரும் எண்ண வேண்டாம். தலைமைக் குருக்களுள் ஒருவரான கிரேகம் ஒயிட்டும் அவர் மனைவியும் முகாமிலேயே உயிர் நீத்தனர். வாரனின் தோழர்கள் பலர் சயாம் இரயில் பாதை போடச் சென்றனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் 12,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற நம் தமிழரோ, இதனினும் பன்மடங்கு எண்ணிக்கையில் மடிந்தனர். அவர்களுக்குப் படைக்குரு இல்லை, பெயர்ப்பட்டியல் இல்லை, கல்லறையும் இல்லை. அவர்கள் எந்தத் தெய்வத்தை அழைத்து எதை நம்பிக் கண் மூடினார்கள் என்பதை எந்தச் சுவரும் காட்டவில்லை. சாங்கியின் சுவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இது என் நெஞ்சை உறுத்துகிறது.

சிறையில் ஒன்றாக அடைபட்ட மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், ஆங்கிலிக்கன் தலைவர்கள், தத்தம் சபைகளுக்கிடையே இருந்த வேலிகள் எவ்வளவு அற்பமானவை என்பதை அங்கே கண்டனர். குருமாரை ஒன்றாகப் பயிற்றும் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அச்சிறையிலேயே முளைத்தது. 1948இல் சிங்கப்பூரில் டிரினிட்டி இறையியல் கல்லூரியாக அது உருப்பெற்றது.

ஓவியங்கள் என்னவாயின? மருத்துவமனை இடம் மாறியபின் ஜப்பானியர் அக்கட்டடத்தை வேறு பயனுக்கு எடுத்துக்கொண்டு, சுவர்களுக்குச் சாயம் பூசிவிட்டனர். பக்கத்து அறைக்கு வழி திறப்பதற்காக லூக்கா ஓவியத்தின் கீழ்ப்பகுதியை இடித்தும் விட்டனர். உயிர் பிழைத்து இலண்டன் திரும்பிய வாரன், ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக அமர்ந்தார். தம் ஓவியங்கள் அழிந்தன என்றே நினைத்திருந்தார். 1958இல் அங்கே தங்கியிருந்த பிரிட்டிஷ் விமானப்படையினர் சாயத்தின் அடியில் உருவங்கள் தெரியக் கண்டனர். வரைந்தவர் யாரென்று தெரியவில்லை. செய்தித்தாள் வாயிலாகத் தேடி, 1959இல் இலண்டனில் அவரைக் கண்டுபிடித்தனர்.

வந்து ஓவியங்களைப் புதுப்பித்துத் தருமாறு கேட்டபோது அவர் உடனே இசையவில்லை. மறக்க முயன்றுகொண்டிருந்த நாள்களைத் திரும்பவும் காண அவர் அஞ்சினார். மன்னிப்பைத் தீட்டிய கையே நினைவுக்கு அஞ்சியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. முடிவில் 1963 டிசம்பரில் வந்தார். 1982இலும் 1988இலும் மீண்டும் வந்தார். 1992இல் காலமானார். அவ்வறை இப்போது விமானப்படைத் தளத்திற்குள் இருப்பதால் நினைத்தவுடன் சென்று காண முடியாது. படிகளைச் சாங்கி நினைவாலய அருங்காட்சியகத்தில் காணலாம்.

நான்கு ஓவியங்களை அவர் புதுப்பித்துவிட்டார். ஐந்தாவதான லூக்கா ஓவியத்தின் இடிந்த பகுதியில் தாம் என்ன வரைந்திருந்தோம் என்பது அவர் நினைவுக்கு வரவேயில்லை. 1985இல், முன்பு சாங்கியில் கைதியாயிருந்த ஒருவர் அதன் முதல் வரைபடத்தைத் தம்மிடம் பாதுகாத்து வைத்திருந்தது தெரிய வந்தது.